தொங்குபவன் சீட்டு வந்தால் என்ன சொல்வது? டாரோ கற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

படச் சீட்டுகளை வைத்துக் குறி சொல்லும் டாரோவைப் பழக ஆரம்பித்த புதிதில் மூன்று சீட்டுகளைக் கண்டால் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும். டெத் (மரணம்), டவர் (கோபுரம்), ஹேங்டு மேன் (தொங்குபவன்). முதல் இரண்டுக்கும் ஆறுதல் சொல்ல யூடியூபில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். மூன்றாவது சீட்டுதான் பாவம். "கொஞ்சம் பொறுமையா இருங்க, தாமதமாகும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு சீட்டைப் பற்றி மட்டும். மேஜர் அர்கானா எனப்படும் 22 பெரிய சீட்டுகளில் இது 12ஆம் எண். கையில் ரைடர் வெயிட் டெக், அதாவது அந்தப் பெயரில் வரும் சீட்டுக்கட்டு, இருந்தால் இந்தச் சீட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் போனில் படத்தைத் தேடி வைத்துக்கொண்டாலும் போதும்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். சீட்டு எதிர்காலத்தைக் காட்டும் என்பதற்கு நிரூபணம் எதுவும் கிடையாது. நான் அதற்காக இதை எடுப்பதுமில்லை. மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பதை வாய்விட்டுப் பேச வைக்க ஒரு படம் உதவுகிறது, அவ்வளவுதான். உங்கள் நம்பிக்கை வேறாக இருந்தாலும் கீழே சொல்லும் முறையில் படிக்கலாம், அதில் இடைஞ்சல் இல்லை.

முதல் படி: பெயரை மறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்

பெயரைப் படித்ததும் தூக்குமேடை ஞாபகம் வந்துவிடும். அதனால் சீட்டின் அடியில் இருக்கும் பெயரைக் கட்டைவிரலால் மூடிக்கொள்ளுங்கள்.

கயிறு கழுத்தில் இல்லை, கணுக்காலில் இருக்கிறது. ஒரு கால்தான் கட்டப்பட்டிருக்கிறது. இன்னொரு காலை மடக்கி அதன் பின்னால் வைத்திருக்கிறான், திண்ணையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தவன் மாதிரி. கைகள் இரண்டும் முதுகுப் பக்கம் போயிருக்கின்றன. யாராவது கட்டிவிட்டார்களா, அவனே பின்னால் கோத்துக்கொண்டானா? படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. இந்தத் தெரியாமையை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு வேலைக்கு ஆகும்.

முகத்தில் வலி இல்லை. தலையைச் சுற்றி மஞ்சள் ஒளிவட்டம். நீல மேலாடை, சிவப்புக் கால்சட்டை, பின்னால் வெறும் சாம்பல் வானம். வேடிக்கை பார்க்க ஆள் இல்லை, ஊர் இல்லை, மலை இல்லை. அவன் தொங்கும் மரத்தில் ஒரு நெட்டுக்கம்பம், மேலே ஒரு குறுக்குச் சட்டம். சட்டத்தில் பச்சை இலை துளிர்த்திருக்கிறது. ஆளைத் தொங்கவிடப் பட்ட மரமே போதும். இங்கே வேண்டுமென்றே உயிருள்ள மரத்தை வரைந்திருக்கிறார்கள்.

இப்போது சீட்டைத் தலைகீழாகத் திருப்புங்கள். தொங்கியவன் ஒற்றைக் காலில் நிற்கிறான், கிட்டத்தட்ட ஆடுகிறான். டெக்கிலிருந்து 21ஆம் சீட்டான வேர்ல்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அதில் மாலைக்குள் ஆடும் உருவமும் அதே மாதிரி ஒரு காலை இன்னொன்றின் பின்னால் மடக்கியிருக்கும். 12, 21 என்று எண்களும் இடம் மாறி நிற்கின்றன. எண் தற்செயலாக இருக்கலாம். ஆனால் இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு அதன்பிறகு இந்தச் சீட்டைப் பார்த்துப் பயம் வராது.

இரண்டாவது படி: இவன் முன்பு யாராக இருந்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வரலாறு எதற்கு, அர்த்தத்தைச் சொல் என்பவர்கள் உண்டு. இந்தச் சீட்டுக்கு மட்டும் வரலாறு இல்லாமல் அர்த்தம் பிடிபடாது.

டாரோ சீட்டுகள் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடுவதற்காகப் பிறந்தவை. குறி சொல்ல அவற்றை எடுத்தது 18ஆம் நூற்றாண்டில்தான். விளையாடிய காலத்து இத்தாலியில் இந்தச் சீட்டுக்குப் பெயர் 'இல் த்ரதித்தோரே', அதாவது துரோகி. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஊரைக் காட்டிக்கொடுத்தவன், கடனைக் கட்டாமல் ஓடியவன் ஆகியோரின் உருவத்தை ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குவதுபோல ஊரின் பொதுச் சுவரில் வரைந்துவிடுவார்கள். ஆள் தப்பிவிட்டாலும் மானம் தொங்கும். 1440இல் நடந்த ஆங்கியாரிப் போருக்குப் பிறகு ஃப்ளாரன்ஸில் துரோகிகளை இப்படிச் சுவரில் வரைந்து கொடுத்த ஓவியர் ஆந்திரேயா தெல் கஸ்தாஞோவுக்கு 'தூக்கிலிடப்பட்டவர்களின் ஆந்திரெயினோ' என்றே பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. சில பழைய டெக்குகளில் தொங்குபவன் இரண்டு கையிலும் பணப்பை பிடித்திருப்பான். காசுக்கு ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் என்று அதைப் படிப்பவர்கள் உண்டு. பிரான்சின் பழைய மார்செய் வகைச் சீட்டுகளில் அவனுக்கு இருபுறமும் நிற்பவை கிளை வெட்டிய மொட்டை மரங்கள்.

1781இல் கூர் தெ ஜெபலென் என்ற பிரெஞ்சு அறிஞர் ஒரு வேடிக்கை செய்தார். இது துரோகியே இல்லை, ஒரு காலை ஊன்றி அடுத்த காலை எங்கே வைப்பது என்று யோசித்து நிற்கும் 'முன்னெச்சரிக்கை' என்னும் நற்குணம். சீட்டு அச்சடித்தவன் விவரம் தெரியாமல் தலைகீழாகப் போட்டுவிட்டான் என்றார். தப்பான ஊகம்தான். ஆனால் தண்டனைச் சீட்டு ஞானச் சீட்டாக மாற அது வழி திறந்துவிட்டது.

1909இல் ஆர்தர் எட்வர்ட் வெயிட் சொல்ல, பமெலா கோல்மன் ஸ்மித் வரைந்த டெக்கில் அந்த மாற்றம் முழுமையானது. ஒளிவட்டம் வந்தது, மரத்தில் இலை வந்தது. முகத்தில் இருப்பது துன்பம் இல்லை, ஆழ்ந்த லயிப்பு என்று வெயிட் எழுதினார். ஞானத்துக்காக ஒன்பது இரவு மரத்தில் தொங்கிய வடதேசத்து ஓடின் கடவுளின் கதையையும் இத்துடன் சேர்த்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வெயிட் தந்த பொருள் பட்டியலில் ஞானம், எச்சரிக்கை, பகுத்தறிதல், சோதனை, தியாகம், உள்ளுணர்வு, வருவதுரைத்தல் எல்லாம் இருக்கின்றன. தாமதம் என்ற சொல் அதில் கிடையாது! இன்று எல்லாரும் முதலில் சொல்வது அதைத்தான்.

ஆக, ஒரே படத்துக்குள் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். ஊர் சேர்ந்து தொங்கவிட்டவன் ஒருவன், தானாகப் போய்த் தொங்கியவன் இன்னொருவன்.

மூன்றாவது படி: கயிற்றைக் கட்டியது யார் என்று கேளுங்கள்

இந்தச் சீட்டு நேராக விழுந்தால் நான் முதலில் கேட்பது இந்த ஒரு கேள்விதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

நம் கதைகளிலேயே இரண்டு வகையும் உண்டு. திரிசங்குவைத் தேவர்கள் சொர்க்கத்திலிருந்து தள்ளிவிட்டார்கள், விசுவாமித்திரர் நில் என்றார், மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் தலைகீழாக நடுவானத்தில் நின்றுவிட்டான். இரண்டு பெரிய மனிதர்களின் வீம்புக்கு நடுவில் மாட்டிக்கொண்டவன். காரைக்கால் அம்மையார் கதை வேறு. கயிலையைக் காலால் மிதிக்கக் கூசித் தலையால் நடந்து ஏறினார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தலைகீழ் என்பது இருவருக்கும் பொது. இரண்டையும் "பொறுமையா இருங்க" என்ற ஒரே பதிலால் எப்படி மூடுவது?

வேலையை விட்டுவிட்டு டி.என்.பி.எஸ்.சிக்குப் படிக்கும் பையன், கைக்குழந்தைக்காக வேலைக்கு இடைவெளி விட்ட பெண், பாதியில் நிறுத்திய நாவலைத் தூக்கி அலமாரியில் வைத்திருப்பவர். இவர்கள் கயிற்றைத் தாங்களே கட்டியவர்கள். இவர்களிடம் "எப்போ முடியும்" என்று பேசுவதைவிட, "இங்கேயிருந்து பார்க்கும்போது முன்னால் தெரியாத எது இப்போது தெரிகிறது?" என்று கேட்டால் பேச்சு ஓடும்.

விசா வருமா என்று காத்திருப்பவர், வழக்கு வாய்தாவிலேயே போகிறது என்பவர், லோன் சாங்ஷன் ஆகவில்லை என்பவர் எல்லாம் பிறர் கட்டிய கயிற்றில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஞானம், லயிப்பு என்று பேசினால் அடிக்க வருவார்கள், நியாயம்தான். எந்த முடிச்சு அவர் கைக்கு எட்டும், எது எட்டாது என்று பிரித்துக் காட்டினால் போதும். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று விசாரிப்பது எட்டும் முடிச்சு. அந்த மேசைக்காரரின் மனசு எட்டாத முடிச்சு.

பெரும்பாலான வீடுகளில் இரண்டும் கலந்துதான் கிடக்கும். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

எதிர்வீட்டு அக்கா நன்றாகத் தைப்பார். வீட்டின் முன்னறையில் தையல் கடை போட வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த அறையில் அவருடைய கொழுந்தனார் வண்டி உதிரிச் சாமான்களை அடுக்கி வைத்திருந்தார். "ஆடி முடியட்டும் அண்ணி, காலி பண்ணிடறேன்" என்று அவர் சொல்லி இரண்டு ஆடி போய்விட்டது. ஒரு சாயங்காலம் விளையாட்டாக மூன்று சீட்டு எடுத்தோம். முதலில் எயிட் ஆஃப் பென்டக்கிள்ஸ். பலகையில் உட்கார்ந்து ஒருவன் காசுகளைத் தட்டிச் செதுக்கிக்கொண்டிருக்கும் படம். அக்காவுக்குச் சந்தோஷம். நடுவில் ஹேங்டு மேன்.

"அய்யோ, என்னம்மா இது, தூக்குல தொங்குறான்!"

"கயிறு கழுத்துலயா இருக்கு? நல்லா பாருங்கக்கா."

குனிந்து பார்த்தார். "காலுல. அட, மூஞ்சி நல்லாத்தானே இருக்கு இவனுக்கு."

"யாரு கட்டியிருப்பாங்கன்னு நெனைக்கிறீங்க?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்தோம், போய் இறக்கிவிட்டு வந்தார். "கட்டுனது எங்க கொழுந்தன்தான். ரெண்டு வருசமா அவுக்கச் சொல்லி ஒரு வார்த்தை நான் கேக்கலியே. கேட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்கன்னு இருந்துட்டேன்" என்றார். மூன்றாவது சீட்டு டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ், கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு வாளைக் குறுக்காகப் பிடித்திருக்கும் பெண். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

மறுநாளே போய்க் கேட்டாரா என்றால் இல்லை. தீபாவளி முடிந்துதான் கேட்டார். பாதி அறை கிடைத்தது. இன்றைக்கும் தையல் மெஷினுக்குப் பின்னால் நாலு டயர் சாய்ந்து நிற்கிறது.

நான்காவது படி: பக்கத்துச் சீட்டைச் சேர்த்துப் படியுங்கள்

ஒற்றைச் சீட்டு ஒரு சொல் மாதிரி. பக்கத்தில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்த்தால்தான் வாக்கியம் வரும்.

எயிட் ஆஃப் ஸ்வார்ட்ஸ் பக்கத்தில் வந்தால் நின்று பாருங்கள். அதிலும் கட்டப்பட்ட ஒருத்தி இருக்கிறாள். கண்ணும் கட்டியிருக்கிறது, சுற்றி எட்டு வாள் நட்டிருக்கிறது. ஆனால் கால்கள் கட்டப்படவில்லை, முன்னால் வழி திறந்திருக்கிறது. தொங்குபவனுக்குக் கால் கட்டு, கண் திறப்பு. அவளுக்குக் கண் கட்டு, கால் சுதந்திரம். இந்த ஜோடி வந்தால் கேட்பவருக்கு நிலைமை தெரிந்தும் நகரவில்லை, நகர முடிந்தும் நிலைமையைப் பார்க்கவில்லை என்று இரண்டில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். எது என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

செவன் ஆஃப் பென்டக்கிள்ஸ் வந்தால் விவசாயி கதை. மண்வெட்டியில் சாய்ந்து நின்று செடியில் காய்த்திருப்பதைப் பார்க்கிறான். இங்கே காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது, வேலை ஏற்கனவே நடந்திருக்கிறது. ஃபோர் ஆஃப் ஸ்வார்ட்ஸ் வந்தால் ஓய்வு, தூக்கம், அவ்வளவே. டவர் வந்தால் கயிறு தானாக அறுந்துவிடும் என்று படிக்கிறேன், விழும்போது கொஞ்சம் அடிபடும்.

13ஆம் சீட்டான டெத் பக்கத்தில் விழுந்தால் புதியவர்கள் பதறிப்போவார்கள். எண் வரிசையில் அவை அண்டை வீட்டுக்காரர்கள். நிறுத்தி யோசித்த பிறகு ஒன்று முடிவுக்கு வருகிறது என்பதற்கு மேல் அதில் எதையும் தேட வேண்டாம்.

ஸ்பிரெட்டில், அதாவது சீட்டுகளைப் பரப்பி வைக்கும் வரிசையில், எந்த இடத்தில் விழுகிறது என்பதையும் விட்டுவிடாதீர்கள். மூன்று சீட்டு வரிசையில் கடந்தகாலத்தில் வந்தால் தொங்கிய காலம் முடிந்திருக்கிறது, அப்போது கற்றது என்ன என்று கேளுங்கள். ஆலோசனைக்கான இடத்தில் வந்தால் "கொஞ்சம் நிறுத்துங்கள்" என்பது அறிவுரை. தடைக்கான இடத்தில் அதே சீட்டு வந்தால் அந்த நிறுத்தமே தடை. இந்தக் கடைசி வேறுபாட்டைக் கவனிக்காமல்தான் பாதிப் பேர் இந்தச் சீட்டைத் தப்பாகப் படிக்கிறார்கள்.

ஐந்தாவது படி: தலைகீழாக விழுந்தால்

இங்கே ஒரு சங்கடம். தலைகீழாகத் தொங்குபவன் தலைகீழாக விழுந்தால் நேராக நிற்கிறான்! அதனால் விடுதலை என்று படிப்பவர்கள் ஒரு கட்சி. பயனில்லாத தியாகம், நிற்க மறுக்கும் பிடிவாதம் என்று படிப்பவர்கள் இன்னொரு கட்சி. நான் அடுத்த சீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். அதில் நடை, பயணம், குதிரை என்று அசைவு இருந்தால் கயிறு அவிழ்ந்தது என்று எடுத்துக்கொள்வேன். அது முடங்கிய சீட்டாக இருந்தால், தலைகீழாக நின்றாலும் நடக்காத ஒன்றுக்காக ஆள் தலைகீழாக நின்றுகொண்டிருக்கிறார்.

வெயிட்டின் பட்டியலில் தலைகீழ்ப் பொருளாகச் சுயநலம், கூட்டம் என்று வரும். கூட்டம் என்ற சொல் எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. பிறகு ஒருநாள் ஒரு பெண், "விவாகரத்துன்னு சொன்னா நாலு பேரு என்ன சொல்லுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மேசையில் இந்தச் சீட்டு தலைகீழாகத்தான் கிடந்தது. அந்த நாலு பேர்தான் அந்தக் கூட்டம். அன்றிலிருந்து அப்படித்தான் படிக்கிறேன்.

ஆறாவது படி: என்ன சொல்லக்கூடாது

காதல் கேள்விக்கு இந்தச் சீட்டு வந்தால் "அவர் உங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறார், காத்திருங்கள்" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். மூன்று மாதமாக மெசேஜுக்குப் பதில் போடாதவர் மனசில் என்ன இருக்கிறது என்று சீட்டுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தொங்குவது யார், எதிரில் இருப்பவர்தானே? அவரைப் பற்றிப் பேசுங்கள்.

வீட்டில் அடி வாங்குகிறவரிடம், மிரட்டலுக்குப் பயந்து இருப்பவரிடம் இந்தச் சீட்டை வைத்துப் பொறுமை, தியாகம் என்று ஒரு வார்த்தை பேசக்கூடாது. நம் வீடுகளில் தியாகம் என்ற சொல் எப்போதும் யார் தலையில் வந்து விழும் என்று உங்களுக்கே தெரியும். அங்கே இது துரோகிச் சீட்டின் காலத்துக் கயிறு, இன்னொருவர் கட்டியது. சீட்டை மூடிவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் போன் போட வழி செய்யுங்கள்.

உடம்பு சம்பந்தமான கேள்விக்கும் இதை வைத்துத் தாமதத்தை நியாயப்படுத்த வேண்டாம். ஸ்கேன் எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டியதுதான்.

வேலை, பணக் கேள்விகள் எளிது. கையெழுத்து போடப்போகிற ஒப்பந்தத்தை எதிராளியின் நாற்காலியிலிருந்து ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று சொல்வேன். ஆமாவா இல்லையா என்று மட்டும் கேட்டால் "இப்போதைக்கு இல்லை". தேதி கேட்டால் கொடுக்காதீர்கள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பதையும் நினைவூட்டலாம், எல்லாக் காத்திருப்பும் புண்ணியத்தில் சேராது.

ஏழாவது படி: ஒரு வாரப் பயிற்சி

டெக்கைக் கலைக்க வேண்டாம், சீட்டு எடுக்கவும் வேண்டாம். இந்த ஒரு சீட்டை மட்டும் கண்ணாடி ஓரமாகவோ மேசையிலோ ஏழு நாள் தலைகீழாகச் சாத்தி வையுங்கள், அதாவது அவன் நிற்கிற மாதிரி. தினமும் ராத்திரி நோட்டில் இரண்டு வரி: இன்றைக்கு எதற்காகக் காத்திருந்தேன், அந்தக் கயிறு யார் கட்டியது. பஸ்ஸுக்குக் காத்திருந்தது, பிள்ளை சாப்பிட்டு முடிக்கக் காத்திருந்தது, மேலதிகாரி பதில் அனுப்பக் காத்திருந்தது எல்லாம் எழுதலாம், சின்ன விஷயம் என்று விடாதீர்கள். எட்டாம் நாள் சீட்டை டெக்கில் சேர்த்துக் கலைத்துவிட்டு நோட்டைப் படித்துப் பாருங்கள். ஒரே பெயர் நாலைந்து முறை வந்திருக்கும். என் நோட்டில் வந்தது என் பெயர்.